ஒரு மடிக்கணினியும் மூன்று கரையும்

எங்கள் அறக்கட்டளையைப் பற்றிக் காரைக்குடிப் பக்கம் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மூன்று கிழவர்கள் ஒன்பது நாள் கார் ஓட்டி ஒரு மடிக்கணினியை உடைத்துவிட்டார்கள் என்று செக்காலை ரோட்டு டீக்கடையில் யாரோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. இது தவறான செய்தி. ஓட்டியது பதினோரு நாள். உடைத்தது நான் ஒருவன்தான். வதந்தியைவிட உண்மை குடும்பத்துக்குக் கொஞ்சமாவது மரியாதையாக இருக்கும் என்று நம்பி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாச்சியாபுரத்துக்கு அடுத்தது எங்கள் ஊர். ஒரே கோயிலைக் கும்பிடும் பங்காளிகள் நாங்கள் மூன்று கரை. கரை என்றால் குடும்பக் கிளை. ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளில் பிளஸ் டூவில் அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு அறக்கட்டளை ஒரு மடிக்கணினி கொடுக்கிறது. அதைக் கொடுப்பதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு வெள்ளிச் சந்தனக் கிண்ணம் ஆகியவை இருக்கின்றன. தலைவர் நான், மலையாண்டி அம்பலம். முதல் கரையில் மூத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வேறு தகுதி கேட்பது எங்களிடம் வழக்கமும் கிடையாது. கூட்டம் தொடங்கியதும் முதல் சந்தனம் எனக்கு. இரண்டாவது, இரண்டாம் கரை பொன்னழகுக்கு. மூன்றாவது, மூன்றாம் கரை சேவுகப்பெருமாளுக்கு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மாறியதில்லை.

இந்த ஆண்டு பரிசுக்கு உரியவள் கிருத்திகா, என் தம்பி மகள். மதுரையில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை வகுப்பு ஆரம்பம். முதல் நாளே மடிக்கணினியோடு வரவேண்டும், இல்லாதவர்களுக்கு வரைபட வகுப்பில் இடமில்லை என்று கல்லூரியில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி போனில் கேட்டான். “அண்ணே, நானே ஒண்ணு வாங்கிக் குடுத்துறவா?”

நான் மறுத்துவிட்டேன். முதல் கரைப் பெண் தனக்கு வரவேண்டிய பரிசை விட்டுவிட்டுக் கடையில் போய் வாங்கினால் நாளைக்கு எங்களைச் சந்தனத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? “புதன்கெழமைக்குள்ள என் கையால குடுக்குறேன். நீ வேலையப் பாரு” என்று வாக்குக் கொடுத்தேன். இனிமேல் வரப்போகிற எல்லாத் துன்பத்துக்கும் அந்த வாக்குதான் காரணம்.

எங்கள் விண்ணப்பத்தில் ‘எதற்காக’ என்று ஒரு கட்டம் உண்டு. இதற்குமுன் விண்ணப்பித்த பிள்ளைகள் எல்லாரும் ‘கல்விக்காக’ என்று எழுதினார்கள். பிறகு என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கிருத்திகா இப்படி எழுதியிருந்தாள்: ‘முப்பரிமாண வரைபடம் வரைய. நல்ல கிராபிக்ஸ் இருந்தால் எப்போதாவது கேம் விளையாடவும்.’

பொன்னழகு அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். இரண்டாம் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

“என்னண்ணே இது? ஒங்க வீட்டுப் புள்ள எழுதுனதா?”

நான் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“விளையாட்டுங்கிறது நம்ம வம்சத்துல இல்லாத பழக்கம்” என்று பொன்னழகு எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். “எங்க அய்யா எழுபத்தெட்டு வருசம் இருந்தாரு. ஒரு நாளு விளையாண்டு பாத்ததில்ல. சீட்டு மட்டுந்தான். அதுவும் காசு வச்சுத்தான் ஆடுவாரு. விளையாட்டுக்குன்னு ஆட மாட்டாரு.”

தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சேவுகப்பெருமாளுக்குக் கவலை வேறு பக்கம் இருந்தது. “‘எப்போதாவது’ன்னு போட்டிருக்கு. எப்போன்னு போடல. கால அளவு இல்லாத விண்ணப்பத்த எப்புடி ஏத்துக்கிறது?”

கிருத்திகாவைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை அடித்துத் தரச் சொன்னோம்.

“படம் வரையத்தான் பெரியப்பா கேக்குறேன்” என்றாள். “படம் வரையிற மெசின்ல கேமும் ஓடும். பரீட்சை முடிஞ்சா ஒரு நாளு வெளாடுவேன். வெளாட மாட்டேன்னு பொய் எழுதச் சொல்றீகளா?”

“வெளாட்டு நம்ம வழக்கத்துல இல்லத்தா” என்றார் பொன்னழகு.

“மஞ்சுவிரட்டு?”

“அது வீரம்.”

“போன வருசம் நீங்க வேப்பமரத்துல ஏறி உக்காந்துதானே சித்தப்பா பாத்தீக?”

“அதுவும் வீரந்தான். மரம் என்னமா வழுக்குது தெரியுமா?”

அவள் அடித்துத் தர மறுத்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பிடிவாதம். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஆனால் தலைவர் நாற்காலியில் இருப்பவன் பெருமைப்பட்டால் இரண்டாம் கரை கேள்வி கேட்கும். ஆகவே சேவுகப்பெருமாள் எழுதிய தீர்மானத்தில் முதல் கையெழுத்தை நானே போட்டேன். ‘வரைபடம் வரையக்கூடியதும், ஆனால் விளையாட முடியாததுமான மடிக்கணினி ஒன்றைத் தேர்வு செய்ய மூவர் குழு அமைக்கப்படுகிறது.’ மூவர், நாங்கள் மூவர்தான்.

திங்கட்கிழமை செக்காலை ரோட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் சதீஷ்குமாரிடம் போனோம். கிருத்திகாவும் தன் வரைபடம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சதீஷ்குமார் தீர்மானத்தைப் படித்துவிட்டு, மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

“அய்யா, இந்த மாதிரி படத்துக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு வேணும். அந்தக் கார்டு இருந்தா கேமும் ஓடும். அருவாள வாங்கிட்டு, கருவேல முள்ள மட்டுந்தான் வெட்டணும், கரும்பு வெட்டக் கூடாதுன்னா எப்புடி?”

“அப்புடி ஒரு அருவா இருந்தா எடு, பாப்போம்” என்றார் சேவுகப்பெருமாள்.

முதலில் மெலிதாக, இலேசாக ஒரு கணினியை எடுத்து வைத்தான். அதில் கார்ப் பந்தயம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கார் கொஞ்சம் நகர்ந்தது, நின்று யோசித்தது, மறுபடி நகர்ந்தது. மேட்டில் சைக்கிள் தள்ளும் தபால்காரரைப் போல அது போய்ச் சேர்வதைப் பார்த்து எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. வேலை முடிந்தது என்று பொன்னழகு துண்டை உதறினார். பிறகுதான் கிருத்திகா தன் வரைபடத்தைத் திறந்தாள். ஒரு வீடு. சுவர் வந்தது. தூண் வந்தது. நாங்கள் காபி குடித்து முடித்த பிறகும் அதற்குமேல் எதுவும் வரவில்லை.

“கூர எங்கத்தா?” என்றேன்.

“அது வராது பெரியப்பா. இதுல கிராபிக்ஸ் பத்தாது.”

“செவரு வந்திருச்சுல்ல” என்றார் சேவுகப்பெருமாள். “கூர மதுரைக்குப் போனதும் வந்துக்கிரும்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு காட்டச் சொன்னேன். இரண்டாவதாக வந்தது தடிமனானது. இரண்டரைக் கிலோ இருக்கும். அதன் சார்ஜர் சூளைச் செங்கல் கணக்காக இருந்தது. அதில் வீடு கண் மூடித் திறப்பதற்குள் கூரையோடு வந்து நின்றது. ஓட்டுக்குக் கீழே நிழல்கூட விழுந்தது. கிருத்திகா வீட்டை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊருக்கு முதன்முதலாக மின்சாரம் வந்த அன்று என் அய்யா முகம் அப்படித்தான் இருந்ததாம்.

இனி இதில் விளையாட முடியாது என்று நிரூபித்துவிட்டால் போதும். அதற்கு விளையாடிப் பார்க்க வேண்டும். முதலில் விசையைத் தொடுவது யார் என்ற கேள்விக்கே இடமில்லை. நான் துண்டைத் தோளில் சரியாகப் போட்டு, நாற்காலியைக் கிழக்கே திருப்பி, உட்கார்ந்தேன். கார் புறப்பட்டது. நான்கு வினாடியில் தடுப்புச் சுவரில் மோதி, உருண்டு, தீப்பிடித்தது.

“இதுல ஓட்டவே முடியாது” என்று நான் அறிவித்தேன். “தீர்மானத்துக்கு இதுதான் பொருத்தம். பில்லப் போடு.”

அத்தோடு எல்லாரும் எழுந்திருந்தால் அன்று மாலையே கணினி அவள் கையில் இருந்திருக்கும். பொன்னழகு, “கொஞ்சம் நகருங்கண்ணே” என்றார். உட்கார்ந்தார். இரண்டு சுற்று ஓட்டினார். இருபது வருடம் டிராக்டர் ஓட்டிய கை.

“முதக் கரைக்கு ஓடாதது ரெண்டாங் கரைக்கு ஓடுதே!” என்றார், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.

சேவுகப்பெருமாள் புத்தகத்தில் எழுதினார்: ‘முதல் கரை, நான்கு வினாடி. இரண்டாம் கரை, இரண்டு சுற்று.’ எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுத்தில் இப்படி ஒரு வாசகம் இதற்குமுன் இருந்ததில்லை. நிலவழக்கில் தோற்றபோதுகூட ‘வாதியின் தரப்பு வலுவாக இருந்தபோதிலும்’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஆய்வு நிறைவடையவில்லை என்று நான் அறிவித்தேன்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, திறக்கச் சொன்னோம். சதீஷ்குமார் மூன்று நாற்காலியும் ஒரு மேசை விசிறியும் எங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டான். பிரிண்டர் மை வாங்க வந்தவர்கள், ஆய்வு நடப்பதால் ஓரமாக நின்றார்கள். சேவுகப்பெருமாள் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. மற்ற கார்களுக்கு எல்லாம் வழிவிட்டு, நாற்பது நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்து, ‘மூன்றாம் கரை, விதிமீறல் இல்லை’ என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார். பொன்னழகு நாளுக்கு நாள் முன்னேறினார். நான் நான்கு வினாடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வரை வந்தேன். ஆனால் மூன்றாவது திருப்பம் வந்தால் கார் நேரே போய்ச் சுவரைக் கும்பிட்டது.

வீட்டில் என் மனைவி கண்ணம்மை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சோத்துத் தட்ட எதுக்கு அங்குட்டும் இங்குட்டும் திருப்புறீக?”

“அறக்கட்டளை விசயம். ஒனக்குச் சொன்னா வெளங்காது.”

“கொழம்பு ரசத்துல போயி முட்டுது. அது வெளங்குது.”

பத்தாம் நாள் சாயங்காலம் தம்பி மனைவி சித்ரா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் முன்னால் உட்கார மாட்டாள், நின்றபடியே பேசினாள்.

“வகுப்புக்கு இன்னும் சரியா ஒரு வாரந்தான் இருக்கு. அவுக அப்பா காசு அனுப்பி மாசமாச்சு. கடையில வாங்கவும் விட மாட்டேங்கிறீக, நீங்களும் தர மாட்டேங்கிறீக. பெரியப்பா கார் ஓட்டிப் பழகுறதுக்குள்ள புள்ள படிப்ப முடிச்சு வந்துருவா போலருக்கு.”

“ஆய்வு முடியட்டும்மா” என்றேன், தலைவருக்குரிய குரலில்.

அவள் கண்ணம்மையிடம் முறையிட உள்ளே போனாள். நான் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

“ஏத்தா, அந்த மூணாவது திருப்பம் இருக்குல்ல...”

கிருத்திகா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“நீங்க திருப்பத்துல வந்து பிரேக்கப் பிடிக்கிறீக பெரியப்பா. முன்னாடியே பிடிச்சுட்டு, திருப்பத்துல விட்டுருங்க. வண்டி தானா வளையும்.”

“இத ஏன் பத்து நாளாச் சொல்லல?”

“நீங்க கேக்கல. கேக்காமச் சொன்னா மரியாதக் குறைவும்பீக.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நாளைக்கு ஓட்டிட்டீகன்னா ஆய்வு முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

“சத்தியமா?”

“முதக் கரை வாக்கு.”

மறுநாள் வியாழக்கிழமை, பதினோராம் நாள், நான் மூன்று சுற்று ஓட்டினேன். மூன்றாவது திருப்பத்தில் கார் தானாக வளைந்தது. கடையில் யாரோ கைதட்டினார்கள். புத்தகத்தில் ‘முதல் கரை, மூன்று சுற்று’ என்று ஏறியதும், ஆய்வு முற்றுப்பெற்றது என்று எழுந்துவிட்டேன். பொன்னழகு இன்னும் ஒரு நாள் கேட்டார். கொடுக்கவில்லை.

விளையாட முடியாத கணினி கிடைக்கவில்லையே, அதற்கு என்ன பதில் என்றால், சேவுகப்பெருமாள் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை? அவர் எழுதினார்: ‘மேற்படி கணினியில் விளையாட முடியும் என்பதைக் குழு தன் உடலை வருத்திப் பதினோரு நாளில் உறுதிசெய்தது. ஆகவே விளையாட்டில் நாட்டமுள்ளவர்கள் கையில் இது சிக்காமல் இருக்கும்பொருட்டு, உடனடியாக மாணவியிடம் ஒப்படைக்கத் தீர்மானிக்கப்படுகிறது.’ மூவரும் கையெழுத்துப் போட்டோம். அதில் சொல்லப்பட்ட நாட்டமுள்ளவர்கள் யார் என்று மூவரும் கேட்கவில்லை.

இனி ஒரு வேலைதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகாது. கல்யாணச் சீரில் கரண்டி முதல் அண்டா வரை கொடுத்தவர் பெயர் இருக்கும். அறக்கட்டளையின் ஏழாவது விதியும் அதையே சொல்கிறது: ‘மூன்று கரையின் பெயரும் வரிசைப்படி வெட்டப்படாத எப்பொருளும் வழங்கப்படலாகாது.’ சென்ற ஆண்டுகளில் கணினியோடு போன துணிப்பையில் பெயரை அச்சடித்துக் கொடுத்தோம். பை கிழிந்தது, பெயர் போனது. இந்த முறை அப்படி விடக்கூடாது என்று சொன்னதும் நான்தான். இந்தக் கணினியின் மூடி நல்ல தகடு. தட்டிப் பார்த்தால் எவர்சில்வர் மாதிரியே சத்தம் வந்தது.

சனிக்கிழமை பாத்திரக் கடை அய்யப்பனிடம் கொண்டுபோனோம். முப்பது வருடமாகப் பெயர் வெட்டுகிறவர். ஓலைச் சுவடி கணக்காக எழுத்து விழும்.

“என்னங்கய்யா, தாம்பாளமா?” என்று கையில் வாங்கியவர், எடையைப் பார்த்துவிட்டுத் திறந்து பார்த்தார். “உள்ள கண்ணாடியில்ல இருக்கு? வேண்டாங்கய்யா. மெசினு அதிரும்.”

“மூடிமேலதானப்பா வெட்டச் சொல்றோம். கண்ணாடியிலயா வெட்டச் சொன்னோம்?” என்றேன்.

பெயர் வரிசையில் தகராறு இல்லை. எழுத்தின் அளவில்தான் வந்தது. மூன்று பெயரும் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும் என்றார் பொன்னழகு. ‘அம்பலம்’ என்ற பட்டத்தோடு சேர்த்தால் என் பெயர் நீளம்; ஒரே அகலத்துக்கு ஒடுக்கினால் எழுத்து சின்னதாகிவிடும். முக்கால் மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, முதல் கரைக்கு மட்டும் எழுத்து ஒரு நூல் பெரிதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். வென்ற மிதப்பில் நான் அய்யப்பனிடம் சொன்னேன்:

“நல்லா அழுத்தி வெட்டு. அம்பது வருசத்துக்கு அழியக் கூடாது.”

“இந்தச் சாமான் அஞ்சு வருசம் ஓடுனாலே பெருசுங்கய்யா” என்றபடி அவர் அழுத்தி வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் விழா. கணினியைத் தாம்பாளத்தில் வைத்து, தேங்காய் பழத்தோடு, மேளம் முன்னே போக எடுத்து வந்தோம். மூடியில் மூன்று பெயரும் வெயிலில் மின்னின. பொன்னழகு கல்வியின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதில் இருபது நிமிடம் மூன்றாவது திருப்பத்தில் காரை எப்படி வளைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. பிறகு நான் என் கையால் கொடுத்தேன். தம்பி வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். கிருத்திகா எல்லார் முன்னிலையிலும் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாக இருந்தது. கறுப்பின் மேல்மூலையிலிருந்து வெள்ளைக் கோடுகள் கருவேல வேர் மாதிரி நாலாபக்கமும் ஓடின.

விருந்தினராக வந்திருந்த சதீஷ்குமார் வந்து பார்த்தான். மூடியைச் சாத்தினான், பார்த்தான். திறந்தான், பார்த்தான். மறுபடி சாத்தி, ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்தான்.

“விரிசல் இதுக்கு நேராத்தான் ஆரம்பிக்குதுங்கய்யா.”

அது ‘மலையாண்டி’யில் உள்ள ‘ம’.

பொன்னழகு அங்கேயே புத்தகத்தை விரிக்கச் சொன்னார். சேவுகப்பெருமாள் எழுதினார்: ‘இரண்டாம், மூன்றாம் கரையின் எழுத்துகளுக்கு நேரே விரிசல் ஏதும் காணப்படவில்லை.’

“பெரியப்பா பேரு வெளியவும் நல்லா வெளங்குது, உள்ளயும் நல்லா வெளங்குது” என்றாள் சித்ரா.

கிருத்திகா விசைகளுக்கு இடையில் சிந்தியிருந்த சந்தனத்தைத் துப்பட்டா நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

திரையும் மூடியும் புதிதாக மாற்றவேண்டும், மதுரையிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றான் சதீஷ்குமார். செலவு என்னுடையது. “ஆனா ஒண்ணுங்கய்யா. புது மூடியில பேரு வெட்டுறதா இருந்தா நான் மாட்டித் தர மாட்டேன்.”

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். பெயர் இல்லாத மூடியோடு கணினியைக் கொடுத்தால் ஏழாவது விதி என்ன ஆவது? வெண்கலத் தகட்டில் பெயர் வெட்டி, ஆணி வைத்து மூடியில் அறைந்துவிடலாம் என்றார் பொன்னழகு. ஆணி எங்கே போய் நிற்கும் என்று நான் கேட்டேன். அனுபவஸ்தர் சொன்னால் சரிதான் என்று உட்கார்ந்துகொண்டார். சார்ஜரில் வெட்டலாம், அது செங்கல் மாதிரிதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார் சேவுகப்பெருமாள். எங்கள் அறக்கட்டளையின் வரலாற்றில் சொல்லப்பட்ட முதல் நல்ல யோசனை. ஆனால் சார்ஜரில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

“அப்ப அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துல பேசி முடிவெடுப்போம்” என்றார் பொன்னழகு. “அது வரைக்கும் சாமான் கோயில் இரும்புப் பெட்டியில இருக்கட்டும்.”

“புதன்கெழம வகுப்பு ஆரம்பம்ப்பா” என்றேன்.

“ஒரு மாசம் பொறுக்கக் கூடாதாண்ணே? நூத்தம்பது வருச வழக்கம்ல?”

மடிக்கணினி கொடுப்பதில் நூற்றைம்பது வருட வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒத்திவைப்புத் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. பேனா மூடியைத் திறந்து கொடுத்தார்கள், முதலில் என்னிடம்தான் கொடுத்தார்கள், போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணினியை வாங்கிக் கோயில் பெட்டியில் வைப்பதற்காகத்தான் கடைக்குப் போனேன். திரை சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று சதீஷ்குமார் திறந்து காட்டினான். கிருத்திகாவின் வீடு கூரையோடு நின்றது. மூடியைச் சாத்தினான். துடைத்துவைத்த தகடு. அதில் பெயர் எதுவும் இல்லை. இரண்டாக நெளிந்து என் முகம்தான் தெரிந்தது.

நான் கோயில் பக்கம் போகவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். சித்ராவும் மகளும் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். தேங்காய் இல்லாமல், சந்தனம் இல்லாமல், ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கை வலித்தது. அந்தச் செங்கல் சார்ஜர் தனிக் கனம்.

கிருத்திகா மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

“பேரு வெட்டலையா பெரியப்பா?”

“வெட்டுனா ஒடஞ்சுருமாம்.”

“கூட்டத்துல ஒத்துக்கிட்டாகளா?”

“கூட்டத்துக்குத் தெரியாது.”

“அப்ப ஒங்க மரியாத?”

“அது செக்காலை ரோட்டுல அன்னிக்கே சுவத்துல முட்டித் தீப்பிடிச்சிருச்சு. நீ ஏறு, வண்டியெடுக்கப் போறான்.”

சித்ரா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள்.

பௌர்ணமிக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று, விதியை மீறினேன் என்று சொன்னேன். பெரிய சிக்கல் வந்துவிட்டது. விதியை மீறியவனுக்கு முதல் சந்தனம் கொடுக்க முடியாது. முதல் கரைக்குக் கொடுக்காமல் இரண்டாம் கரைக்கும் கொடுக்க முடியாது. சந்தனம் குழைத்தபடியே காய ஆரம்பித்தது. சேவுகப்பெருமாள்தான் வழி கண்டுபிடித்தார். உடைந்த பழைய மூடி அறக்கட்டளைச் சொத்து. அதில் மூன்று கரையின் பெயரும் சரியான வரிசையில், அழியாதபடி இருக்கிறது. ஆகவே தலைவர் நாற்காலியில் மூடியை வைப்பது, முதல் மரியாதையை அதற்குச் செய்வது. எல்லாரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். நானும் கை தூக்கினேன்.

பொன்னழகு உரையாற்றினார். “வரிசையும் மாறல. பேரும் மாறல. ஆளு மட்டுந்தான் மாறியிருக்கு. நம்ம அறக்கட்டளையில ஆள யாரு பாத்தா?” பிறகு நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார். “இதுக்கு முன்னாடி இருந்த தலைவரு எதுனாச்சும் பேசிக்கிட்டே இருப்பாரு. இவரு அப்புடி இல்ல.”

அதற்கு அடுத்த கூட்டம் ஒரு சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் மூடி, பட்டுத் துண்டு போர்த்தியிருந்தது. சந்தனத்தை எடுத்து முதலில் அதற்குத் தடவினார்கள். அடுத்துப் பொன்னழகு. அடுத்துச் சேவுகப்பெருமாள். கிண்ணம் ஒவ்வொருவராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கிருத்திகா.

“பெரியப்பா, லீவுக்கு வந்திருக்கேன். ஒங்க வீட்டுலதான் இருக்கேன். எங்க இருக்கீக?”

“கூட்டத்துல. என்னத்தா விசயம்?”

“ஒண்ணுமில்ல. லேப்டாப்ப ஒங்க டிவியில மாட்டியிருக்கேன். பெரியம்மா காரு ஓட்டுறாக.”

“கண்ணம்மையா? எத்தன சுத்து?”

“மூணு முடிஞ்சிருச்சு. நாலாவது போயிக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு எடத்துலகூட முட்டல.”

நிமிர்ந்து பார்த்தேன். கிண்ணம் என் முன்னால் வந்து நின்றது. இரண்டு விரலில் சந்தனத்தை எடுத்தபடி ஒருவர் என் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.